பூனைக்குக் காவல்

நுழையும்முன்

வீட்டைப் பூட்டிச் சாவியை அண்டை வீட்டாரிடம் தந்துவிட்டு வெளியூர் செல்வது நம் ஊர்களில் இயல்பான வழக்கம். சாவியோடு சில வேளைகளில் ஓர் உயிரும் ஒப்படைக்கப்படுகிறது. ஒப்படைத்தவர் கண்ணெதிரில் இல்லை. ஒப்படைக்கப்பட்ட உயிருக்கோ பேசத் தெரியாது. அந்த நிலையில் காப்பவருக்குச் சாட்சி யார்? ஒரு பூனையை முன்னிட்டு இவ்வினாவை எண்ணிப் பார்க்கிறது இக்கட்டுரை.

பயணம் போகும் ஊர்கள்

சேர்வராயன் மலைக்கும் கொல்லிமலைக்கும் காவிரிக்கும் இடையே விரிந்து கிடப்பது சேலம், நாமக்கல் மாவட்டங்களின் சமவெளி. 1997ஆம் ஆண்டு நாமக்கல் தனி மாவட்டமாகும் வரை இவ்விரு நிலப்பகுதிகளும் சேலம் மாவட்டம் என்னும் ஒரே பெயரில் வழங்கின. மழை குறைந்த இம்மண்ணில் உழவை மட்டும் நம்பி வாழ இயலாத மக்கள், தறியையும் கோழிப்பண்ணையையும் லாரியையும் துணையாகக் கொண்டனர்.

இவற்றுள் லாரித் தொழில் மனிதரை வீட்டிலிருந்து நெடுந்தொலைவுக்கு அழைத்துச் செல்வது. நாமக்கல்லிலும் சங்ககிரியிலும் புறப்படும் லாரிகள் இந்தியாவின் மறுகோடி வரை சென்று திரும்புகின்றன. ஓட்டுநர் ஒருவர் வீடு திரும்பப் பல வாரங்கள் ஆகலாம். திருச்செங்கோட்டின் ‘ரிக்’ வண்டிகளோ ஆழ்துளைக் கிணறு தோண்ட வடமாநிலங்களுக்குச் சென்று மாதக் கணக்கில் அங்கேயே தங்கிவிடுகின்றன. தைப்பூசக் காலத்தில் எடப்பாடியிலிருந்து பழநிக்குக் காவடி எடுத்துச் செல்லும் பெருங்கூட்டத்தில் குடும்பம் குடும்பமாக மக்கள் நடக்கின்றனர். திருமணம், மருத்துவம், பிள்ளைகளின் படிப்பு என்று புறப்பட வேறு காரணங்களுக்கும் குறைவில்லை.

ஆள் புறப்பட்டுவிடலாம், வீடு புறப்படாது. தொழுவத்து மாட்டுக்குத் தீவனம் இடவேண்டும். வாசல் துளசிக்கு நீர் ஊற்றவேண்டும். அடுப்படியில் படுத்திருக்கும் பூனைக்கும் ஒருவாய் உணவு வைக்கவேண்டும். மாட்டையும் ஆட்டையும் பார்த்துக்கொள்ள உறவினர் முன்வருவர். அவற்றுக்குச் சந்தையில் விலை உண்டு. பூனைக்கு அப்படி விலையேதும் இல்லை. ஆகவே பூனையைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு பெரும்பாலும் அண்டை வீட்டாரையே சேர்கிறது.

விலை இல்லாவிடினும் இச்சமவெளியின் வீடுகளில் பூனைக்கு வேலை உண்டு. கோழித் தீவனத்துக்காகச் சேர்த்துவைத்த மக்காச்சோளத்தை எலி தேடி வரும். நிலக்கடலை மூட்டைக்கும் வரும். கஞ்சிப் பசையிட்ட பாவுக்கும் வரும். ஓர் இரவில் எலி கடித்த நூலை ஒட்டவைக்க நெசவாளிக்கு ஒரு பகற்பொழுது தேவைப்படும். எனவே, தறி உள்ள வீட்டில் பூனை செல்லப்பிராணி மட்டுமன்று. கூலி கேளாத காவலாளியும் ஆகும்.

இடத்தோடு கொண்ட உறவு

மனிதனோடு பூனை வாழத் தொடங்கிய வரலாறு பிற விலங்குகளின் வரலாற்றிலிருந்து வேறுபட்டது. மாட்டையும் ஆட்டையும் மனிதன் பிடித்துக் கட்டினான். பூனையோ தானாக வந்தது என்று ஆய்வாளர் கருதுகின்றனர். மேற்காசியாவில் வேளாண்மை தோன்றியபோது களஞ்சியத்தில் தானியம் சேர்ந்தது. தானியத்தைத் தேடி எலிகள் வந்தன. எலிகளைத் தேடிக் காட்டுப்பூனைகள் வந்தன. சைப்பிரசு தீவின் சில்லூரோகாம்போசு என்னுமிடத்தில், ஏறத்தாழ 9500 ஆண்டுகளுக்கு முற்பட்ட மனிதப் புதைகுழி ஒன்றின் அருகே ஒரு பூனையும் புதைக்கப்பட்டிருந்தது. இச்செய்தி 2004ஆம் ஆண்டு வெளியானது. உழவன் தானியத்தைச் சேர்த்த காலந்தொட்டே பூனை அவன் வாசலில் நின்றிருக்கிறது என்பதற்கு இது சான்று.

தானாக வந்த விலங்கு ஆகையால் பூனை மனிதனைப் பின்தொடர்வதைவிட இடத்தையே மிகுதியாகப் பற்றுகிறது. நாயை ஊர்விட்டு ஊர் அழைத்துச் சென்றால் தலைவன் உடனிருக்கும் அளவில் அது அமைதி கொள்ளும். பூனை அத்தகையதன்று. அதன் கன்னத்தில் மணச் சுரப்பிகள் உள்ளன. கதவு நிலையிலும் கட்டில் காலிலும் அது முகத்தைத் தேய்ப்பது கொஞ்சுவதற்காக மட்டும் அன்று. இவ்விடம் தனக்குப் பழகியது என்று மணத்தால் எழுதிவைப்பதற்காகவும் ஆகும். அந்த எழுத்து இல்லாத புதிய வீட்டுக்குக் கொண்டுசென்றால் பூனை மிரளும். அதனால் வீட்டார் வெளியூர் செல்லும்போது பூனையைத் தம் வீட்டுக்குத் தூக்கிச் செல்வதைவிட, அதன் வீட்டுக்கே நாள்தோறும் சென்று பார்த்துவருவது பெரும்பாலான பூனைகளுக்கு நல்லது.

இங்கேதான் பொறுப்பு கனக்கத் தொடங்குகிறது. பூனையைக் காக்க ஒப்புக்கொள்பவர், ஆளில்லாத பிறர் வீட்டுக்குள் நாள்தோறும் தனியே நுழைகிறார். பீரோவும் அரிசிப் பானையும் சுவரில் மாட்டிய படங்களும் அவர் கண்முன் இருக்கின்றன. பூனையின் வயிறு நிறைந்ததா என்பதை அவரையன்றி வேறு எவரும் அறியார். பூட்டின் சாவியோடு நம்பிக்கையின் சாவியும் அவர் கைக்கு வந்துவிடுகிறது.

தமிழ் கண்ட பூனை

தமிழ் இலக்கியம் பூனையை நெடுங்காலமாக உற்றுநோக்கி வந்துள்ளது. குறுந்தொகைப் புலவர் ஒக்கூர் மாசாத்தியார், முல்லையின் அரும்புகளைக் காட்டுப்பூனையின் சிரிப்புக்கு ஒப்பிட்டார். பிரிந்து சென்றவன் கார்காலம் வந்தும் திரும்பாத நிலையில் காத்திருக்கும் தலைவியின் பாட்டு அது. வீட்டிலிருப்பவர் காத்திருப்பதும் சென்றவர் திரும்புவதுமே முல்லைத்திணையின் வாழ்க்கை. லாரியில் சென்றவரை எதிர்நோக்கி விளக்கேற்றும் நாமக்கல் பெண்ணுக்கும் அத்திணை அயலானதன்று.

கம்பர் தம் அவையடக்கத்தில், பாற்கடல் முழுவதையும் நக்கிக் குடிக்கப் புகுந்த பூனையாகத் தம்மைக் கூறிக்கொண்டார். பாரதியார் ‘முரசு’ பாட்டில், ஒரு தாய்ப்பூனை ஈன்ற பல நிறக் குட்டிகளைக் காட்டி மனிதருள் நிறத்தால் வேற்றுமை இல்லை என்றார். இவ்வாறு புலவர் பூனையை அன்போடு நோக்கினர். ஊர்வழக்கோ பூனைக்கு நற்சான்று தரவில்லை. பாலுக்குப் பூனையைக் காவல் வைத்தாற்போல என்பது பழமொழி. பூனை குறுக்கே சென்றால் புறப்பட்ட காரியம் கெடும் என்பது சகுனம். திருட்டுக்கும் தீநிமித்தத்துக்கும் உவமையாகிப்போன இவ்வுயிரைக் காக்கும் பொறுப்பு, சகுனம் பார்க்கும் ஒருவரிடமே வந்து சேர்ந்தால் என்ன நேரும்?

தெரிந்து தெளிவோம்

தொல்காப்பிய மரபியல் உயிர்களின் இளமைப்பெயர்களை வகுத்துக் கூறுகிறது. மூங்கா, வெருகு, எலி, அணில் ஆகிய நான்கன் இளமைக்கும் ‘குட்டி’ என்னும் பெயர் உரியது. அவற்றைப் ‘பறழ்’ எனவும் வழங்கலாம். வெருகைப் ‘பூசை’ என்று அழைக்கும் வழக்கையும் அந்நூல் குறிப்பிடுகிறது.

இருபத்தைந்து நாள்

நாமக்கல்லை அடுத்த ஒரு சிற்றூர். எதிரெதிரே இரண்டு ஓட்டு வீடுகள். ஒன்றில் லாரி ஓட்டுநரின் குடும்பம். மற்றொன்றில் அறுபத்தைந்து வயது கடந்த ஒரு மூதாட்டி. கால் நூற்றாண்டுக்கும் மேலாகத் தறிக்குழியில் கால்வைத்து உழைத்தவர், கணவரை இழந்தவர், பிள்ளைகள் வெளியூரில் வாழ்கின்றனர். காலையில் புறப்படும்போது எதிர்வீட்டுப் பூனை குறுக்கே வந்துவிட்டால் திரும்பிச் சென்று ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டே மறுபடி படியிறங்குவார். அத்தனை உறுதியாகச் சகுனம் பார்ப்பவர்.

ஒரு சித்திரை மாதத்தில் ஓட்டுநர் அசாம் நோக்கிச் சென்றிருந்தார். அவர் மனைவியின் தாய்க்குக் கோவையில் அறுவை மருத்துவம் செய்யவேண்டும் என்று தகவல் வந்தது. பள்ளி விடுமுறைக் காலம். பிள்ளைகள் இருவரையும் உடன் அழைத்துக்கொண்டு அப்பெண் புறப்பட்டார். பேருந்துக்கு நேரமாகிவிட்டது. சாவியை எதிர்வீட்டில் நீட்டினார்.

“பெரியம்மா, பூனைய மட்டும் பாத்துக்கங்க. வேளைக்கு ஒருவாய் வெச்சாப் போதுமுங்க.”

மூதாட்டி ஒரு நொடி தயங்கினார். பிறகு கையை நீட்டினார்.

“நீ உங்கம்மாளப் பாரு அம்மிணி. பூனைக்கு நானாச்சு.”

முதல் நாள் கிண்ணத்தில் பால் ஊற்றி வைத்தார். மறுநாள் வந்து பார்த்தபோது பாலில் எறும்பு மிதந்தது. அதைக் கொட்டிவிட்டுப் புதிய பால் ஊற்றினார். அதுவும் அப்படியே இருந்தது. பூனையைக் காணவில்லை. மூன்றாம் நாள் அண்ணாந்து பார்த்தபோது அட்டாலியின் இருட்டில் இரண்டு கண்கள் தெரிந்தன. அழைத்தால் அவை பின்வாங்கின. தன்னை நம்பி விட்டுச்சென்ற உயிர் தன் கையில் பட்டினி கிடக்கிறது என்ற எண்ணம் அன்றிரவு அவரை உறங்கவிடவில்லை.

காலையில் அடுத்த வீட்டு மேல்நிலை வகுப்பு மாணவியிடம் சொன்னார். அம்மாணவி தொலைபேசியில் அரசு கால்நடை மருந்தகத்தின் மருத்துவரிடம் கேட்டாள். மருத்துவர் சில செய்திகளை விளக்கினார். பூனை இறைச்சியுண்ணி, பால் அதன் முதன்மை உணவன்று, வளர்ந்த பூனைகள் பலவற்றுக்கு மாட்டுப்பால் செரிப்பதில்லை. உப்பிடாத மீனோ வேகவைத்த முட்டையோ தரலாம். வெங்காயமும் பூண்டும் சேர்ந்த உணவை வைக்கவே கூடாது. அவை அதற்கு நஞ்சு. கையை விட்டு இழுக்க முயன்றால் கடிக்கும். பூனைக் கடியாலும் வெறிநோய் பரவக்கூடும் என்பதால், கடித்தால் உடனே சோப்பிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவித் தடுப்பூசி போட்டுக்கொள்ளவேண்டும். பூனை தொடர்ந்து சில நாள் உண்ணாவிட்டால் கல்லீரலில் கொழுப்பு படிந்து உயிருக்கே கேடு நேரும். மறுநாளும் உண்ணாவிட்டால் மருந்தகத்துக்குக் கொண்டுவரவேண்டும். அதுவரை வீட்டார் உடுத்திய துணி ஒன்றை அதன் அருகில் போட்டுவிட்டு, நாள்தோறும் ஒரே நேரத்தில் அவ்வீட்டில் அமைதியாகச் சற்று நேரம் அமர்ந்திருக்கவேண்டும்.

முட்டைக்குப் பெயர்பெற்ற ஊரில் முட்டைக்குப் பஞ்சமில்லை. அன்று மாலை வேகவைத்த முட்டையை உதிர்த்துக் கிண்ணத்தில் வைத்தார் மூதாட்டி. கொடியில் கிடந்த பழஞ்சேலையை அட்டாலியின் கீழே விரித்தார். விளக்கைப் போட்டுவிட்டு, கொண்டுவந்த மல்லிகை அரும்புகளைச் சரமாகக் கட்டத் தொடங்கினார். அழைக்கவும் இல்லை, நிமிர்ந்து பார்க்கவும் இல்லை. இரண்டு முழம் கட்டி முடித்த வேளையில் மெல்லிய ஓசை கேட்டது. பூனை இறங்கி வந்து மஞ்சட்கருவைத் தின்றுகொண்டிருந்தது. அப்போதுதான் அதன் வயிறு பருத்துத் தொங்குவதை அவர் கண்டார். அது சூல் கொண்டிருந்தது.

பத்தாம் நாள் அப்பழஞ்சேலையின் மேல் நான்கு குட்டிகள் கிடந்தன. கண் திறவாத குட்டிகள். தாய்ப்பூனை வெளியே சென்று வரவேண்டும் என்று எண்ணிப் பின்கட்டுச் சன்னலை அவர் திறந்தே வைத்தார். பதினான்காம் நாள் இரவு அச்சன்னல் வழியே ஒரு கடுவன் பூனை புகுந்தது. விடிந்து வந்து பார்த்தபோது மூன்று குட்டிகளே உயிரோடிருந்தன. நான்காவது அடுப்படி ஓரத்தில் கிடந்தது. முருங்கை மரத்தடியில் குழி தோண்டி அதைப் புதைத்தார். அன்று முதல் பொழுது சாய்ந்ததும் சன்னலைச் சாத்தினார். தம் பாயை எடுத்துவந்து அந்த வீட்டிலேயே படுத்துக்கொண்டார். இரவில் தாய்ப்பூனை கதவருகே நின்று கத்தினால் எழுந்து திறந்துவிட்டு, அது திரும்பும் வரை விழித்திருந்தார்.

இருபத்தைந்தாம் நாள் குடும்பம் திரும்பியது. பாட்டி நலமடைந்துவிட்ட மகிழ்ச்சி ஒருபுறம். கண் திறந்து தள்ளாடித் தள்ளாடி நகரும் மூன்று குட்டிகளைக் கண்ட பிள்ளைகளின் கூச்சல் மறுபுறம். பூனை குட்டி போட்டதையே அறியாத வீட்டில், எத்தனை குட்டி என்று கேட்பார் எவரும் இல்லை. மூன்று என்றால் மூன்றுதான். மூதாட்டி அப்பெண்ணைப் பின்கட்டுக்கு அழைத்துச் சென்றார்.

“குட்டி நாலு போட்டுது அம்மிணி. ஒண்ணக் கடுவன் கொன்னு போட்டுது. சன்னல நாந்தான் தெறந்து வெச்சிருந்தேன். இங்கதான் பொதைச்சிருக்கேன்.”

அப்பெண் முருங்கை மரத்தடி மண்ணைப் பார்த்தார். மூதாட்டியின் முகத்தைப் பார்த்தார். சாவியைத் திருப்பித் தர நீண்ட கையை மெல்ல மூடிவிட்டுச் சொன்னார்.

“இது உங்ககிட்டயே இருக்கட்டும் பெரியம்மா. எங்ககிட்ட இன்னொண்ணு இருக்குதுங்க.”

சட்டம் கூறுவது

பிறர் பொருளைக் காக்க ஏற்றுக்கொள்பவரின் கடமையைச் சட்டமும் வரையறுத்துள்ளது. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் இதற்கெனத் தனி இயலே கொண்டுள்ளது. இயல்பறிவுடைய ஒருவர் தம் சொந்தப் பொருளை எவ்வளவு கருத்தோடு காப்பாரோ, அவ்வளவு கருத்தோடு ஒப்படைக்கப்பட்ட பொருளையும் காக்கவேண்டும் என்கிறது அதன் 151ஆம் பிரிவு. அவ்வாறு காத்தும் இழப்பு நேர்ந்தால், வேறு ஒப்பந்தம் இல்லாத நிலையில், காத்தவர் பொறுப்பாளர் ஆகார் என்கிறது 152ஆம் பிரிவு.

163ஆம் பிரிவு மேலும் சுவையானது. ஒப்படைத்த பொருளிலிருந்து விளைந்த பெருக்கமும் ஒப்படைத்தவருக்கே உரியது என்பது அதன் கருத்து. இதனை விளக்கச் சட்டமே ஓர் எடுத்துக்காட்டைத் தருகிறது. ஒருவர் தம் பசுவை மற்றொருவரிடம் பார்த்துக்கொள்ள விடுகிறார். பசு கன்று ஈனுகிறது. பசுவோடு கன்றையும் திருப்பித் தரவேண்டும். நம் சிற்றூர்களில் ஆட்டையோ மாட்டையோ வாரத்துக்கு விடும் வழக்கத்தில், வளர்த்தவருக்கும் ஈற்றில் பங்கு உண்டு. அங்கே பங்கு முன்கூட்டியே பேசப்படுகிறது. பேச்சின்றி அன்பால் ஏற்றுக்கொண்ட காவலில் பங்கு இல்லை. முழுப்பொறுப்பு மட்டுமே உண்டு. மூதாட்டி இச்சட்டத்தைப் படித்தவர் அல்லர். ஆயினும் நான்கு குட்டிகளுக்கும் கணக்குக் கொடுக்கவேண்டும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

1960ஆம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம் இன்னொரு கோணத்தைக் காட்டுகிறது. அதன் 3ஆம் பிரிவு, விலங்கின் நலனைப் பேணும் கடமையை உடைமையாளர் மேல் மட்டும் சுமத்தவில்லை. தம் பொறுப்பில் ஒரு விலங்கை வைத்திருக்கும் ஒவ்வொருவர் மேலும் சுமத்துகிறது. சாவியைக் கையில் வாங்கிய நொடியிலேயே எதிர்வீட்டுப் பூனை நம் பூனையாகிவிடுகிறது என்பதே இதன் பொருள். உயிர்களிடத்து இரக்கம் கொள்வதைக் குடிமக்களின் அடிப்படைக் கடமைகளுள் ஒன்றாக நம் அரசியலமைப்பின் 51அ(எ) உறுப்பு கூறுகிறது. அடிப்படைக் கடமைகள் 1976ஆம் ஆண்டின் 42ஆவது திருத்தத்தால் சேர்க்கப்பட்டவை.

சட்டத்தின் எல்லை இதுவரைதான். கருத்தோடு காத்தும் ஒரு குட்டி இறந்ததற்கு மூதாட்டியைச் சட்டம் தண்டியாது. இறந்ததைச் சொல்லாமல் மறைத்திருந்தாலும் அதனைக் கண்டுபிடிக்கும் வழி எவர்க்கும் இல்லை. சட்டத்தின் கை எட்டாத அவ்விடத்தில் வேறொன்று நின்று காவல் புரிந்தது. அதற்குத் தமிழில் பழம்பெயர் ஒன்று உண்டு.

அடைக்கலம்

சிலப்பதிகாரத்தில் ஒரு காதைக்கு ‘அடைக்கலக் காதை’ என்று பெயர். மதுரைப் புறஞ்சேரியில் கவுந்தியடிகள், ஆயர்குலத்து மூதாட்டியான மாதரியிடம் கண்ணகியை அடைக்கலமாகத் தருகிறார். மாதரிக்குக் கண்ணகியை முன்பின் தெரியாது. உறவு இல்லை; கைம்மாறு இல்லை. ஆயினும் அவளைத் தன் இல்லத்துக்கு அழைத்துச் சென்று மகள் ஐயையைத் துணையாக வைத்துப் பேணினாள். கோவலன் கொலையுண்டதற்கு மாதரி எவ்வகையிலும் காரணமல்லள். எனினும் அடைக்கலம் காக்க இயலாமற்போன துயரத்தால் அவள் தீயில் புகுந்து உயிர்விட்டாள் என்பதைப் பின்னர் நீர்ப்படைக் காதை தெரிவிக்கிறது.

அதே அடைக்கலக் காதையில் கோவலனின் பழைய நற்செயல் ஒன்றும் பேசப்படுகிறது. தான் வளர்த்த கீரி தன்னால் மாண்டதனால் கணவனால் கைவிடப்பட்ட ஒரு பெண்ணின் துயரைக் கோவலன் பொருள் தந்து தீர்த்தான். குழந்தைக்குக் காவலிருந்த கீரியை ஐயுற்றுக் கொன்ற கதையாக அது நாடெங்கும் வழங்குகிறது. அடைக்கலத்தைப் பற்றிப் பேசும் காதைக்குள்ளேயே ஒரு சிற்றுயிரின் சாவுக்கும் இடமளித்தார் இளங்கோவடிகள். வாய்பேசாத உயிருக்கும் வழக்கு உண்டு என்பதை இவ்வமைப்பு நமக்கு உணர்த்துகிறது.

காப்பியத்தின் துயரையும் முருங்கை மரத்தடியின் சிறு குழியையும் ஒரே அளவில் வைத்து எண்ணவேண்டியதில்லை. இரண்டுக்கும் வேர் ஒன்று என்று அறிந்தால் போதும். அடைக்கலப் பொருளுக்கு நேர்ந்தது தன்மேல் வந்த பழி என்று ஏற்கும் மனமே அவ்வேர். மாதரி காலத்தில் அது உயிரைக் கேட்டது. இன்று அது கேட்பது உண்மையை மட்டுமே. ஆனால் எவரும் கேளாதபோது உண்மையைத் தானாக முன்வந்து சொல்வது எளிய செயலன்று.

சுவருக்கு அப்பால்

யார் வீட்டு வாசல் வரை யார் வரலாம், யார் அடுப்படிக்குள் யார் நுழையலாம் என்று நெடுங்காலம் கோடு கிழித்து வாழ்ந்த சமூகம் நம்முடையது. அக்கோடுகள் இன்னும் முற்றிலும் அழிந்துவிடவில்லை. பூனைக்கு அக்கோடுகள் தெரியா. அது எல்லார் கூரை மேலும் நடக்கிறது. எல்லார் அடுப்படியிலும் குளிர்காய்கிறது. அதைக் காக்க ஒப்புக்கொண்டவரும் அதன் பின்னே அக்கோடுகளைத் தாண்டவேண்டியிருக்கிறது. பிறர் வீட்டு அடுப்படியில் நின்று முட்டையை வேகவைப்பவருக்கும் அவ்வீட்டாருக்கும் இடையே முன்பிருந்த தொலைவு பின்னர் இருப்பதில்லை.

நகரங்களில் இன்று பூனைகளையும் நாய்களையும் கட்டணம் பெற்றுக்கொண்டு தங்கவைக்கும் இல்லங்கள் தோன்றியுள்ளன. வெளியூரில் இருந்தபடியே வீட்டைக் கண்காணிக்கும் ஒளிப்படக் கருவிகளும் வந்துவிட்டன. இவை பயனுள்ளவை, தேவையானவையும் கூட. அண்டை வீட்டாரே இல்லாதவருக்கு அவையே துணை. ஆயினும் கருவி பூனையைப் பார்க்குமேயன்றிப் பூனைக்காக உறக்கம் இழக்காது. கட்டணம் பெற்றவர் தம் கடமையை முடித்தவுடன் கணக்கும் முடிந்துவிடுகிறது. அண்டை வீட்டாரோடு கொண்ட கணக்கு அவ்வாறு முடிவதில்லை. இன்று அவர் நம் பூனையைப் பார்த்துக்கொண்டார். நாளை அவர் ஊருக்குச் செல்லும்போது அவர் வீட்டுச் செடிக்கு நாம் நீர் ஊற்றுவோம். முடியாத இக்கணக்கே ஒரு தெருவைத் தெருவாக வைத்திருக்கிறது.

மேல்நிலைக் கல்வி முடிந்ததும் மாணவர் பலர் ஊரைவிட்டுப் புறப்படுவர். கல்லூரி விடுதிக்கோ வேலைக்கோ செல்லும் அந்நாளில், தாம் வளர்த்த ஏதோ ஓர் உயிரை வேறொருவர் கையில் விட்டுச்செல்ல நேரலாம். அதற்கு முன்பே பிறர் விட்டுச்சென்ற உயிர் தம் கைக்கு வரலாம். வேளைக்கு உணவு வைப்பதோடு அப்பொறுப்பு முடிவதில்லை. அது உண்டதா என்று பார்ப்பதும், உண்ணாவிட்டால் காரணம் தேடுவதும், அறிந்தவரிடம் கேட்பதும், நேர்ந்ததை உள்ளபடி உரைப்பதும் அப்பொறுப்பின் பகுதிகளே. எவரும் பார்க்காத வீட்டுக்குள், பேசத் தெரியாத ஓர் உயிரிடம் ஒருவர் நடந்துகொள்ளும் முறையே அவரிடம் எதை நம்பி ஒப்படைக்கலாம் என்பதைக் காட்டும் அளவுகோல்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் தெருவில் ஒருவர் வெளியூர் சென்றபோது அவர் வீட்டு விலங்கையோ செடியையோ மற்றொருவர் பேணிய நிகழ்வைக் கேட்டறிந்து ஒரு பக்க அளவில் எழுதுக.

2. ‘இறந்த குட்டியைப் பற்றி மூதாட்டி சொல்லாமல் இருந்திருக்கலாம்’ என்னும் கருத்தை ஒட்டியும் வெட்டியும் வகுப்பில் உரையாடுக.

3. உங்கள் பகுதியில் ஆடு, மாடுகளை வாரத்துக்கு விடும் வழக்கம் உண்டா? ஈற்றைப் பங்கிடும் முறையைப் பெரியோரிடம் கேட்டுத் தொகுக்க.